செட்டித் தெரு, தேக்கா, சுங்கை ரோடு: ஒரு சிங்கப்பூர் நாட்குறிப்பு

புதன் இரவு

சிங்கப்பூர் போகிறேன் என்றதும் ஊரில் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். மெரினா பே, செந்தோசா, இரவு விலங்குத் தோட்டம், முஸ்தபாவில் வாங்கவேண்டிய தைலங்கள். நான் வந்தது சந்தை பார்க்க. இருக்கிற சந்தை ஒன்று, இல்லாமல் போன சந்தைகளின் இடம் சில. தோ பாயோவில் தங்கை வீட்டில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு இதைச் சொன்னபோது மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லாத கடையைப் பார்க்கவா மச்சான் இவ்வளவு தூரம் வந்தீர்கள்?"

காரணம் குடும்பக் காரணம்தான். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி இந்த ஊருக்குக் கொண்டுவிற்க வந்தவர். நம்மவர்கள் செட்டித் தெரு என்று அழைத்த மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், ஒரு கிட்டங்கியில் (நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கடைவீடு) பெட்டியடிப் பையனாக, கடைசி நிலை ஆளாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரை வந்தார். ஜப்பான்காரன் காலத்தில் மாட்டிக்கொண்டு, மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிழைத்து, யுத்தம் முடிந்தபின் ஊர் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு கடல் தாண்டவில்லை. ஆனால் கடைசிவரை வீட்டு முகப்பில் உட்கார்ந்து செட்டித் தெருவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். யார் விலாசம் (தொழில் பெயர்) எந்தக் கிட்டங்கியில், யார் கணக்கில் புலி, யார் குடித்துக் கெட்டவர், எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். சிறுவயதில் எனக்குக் காரைக்குடித் தெருக்களைவிட மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருந்தவர்களை நன்றாகத் தெரியும்.

அப்பச்சிக்கு, என் தகப்பனாருக்கு, இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் கேட்டது ஒன்றுதான். அந்தத் தெருவின் பெயர்ப்பலகை இன்னும் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

வியாழன்

தங்கையின் சட்டப்படி தேக்காவுக்கு ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குமேல் போனால் மற்றவர்கள் கழித்த மீன்தான் கிடைக்கும் என்கிறாள். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறினால் பஃபலோ ரோடு. வாழைத்தாரும் முருங்கைக்காய்க் கட்டும் மாலையும் அடுக்கிய கடைகளைத் தாண்டினால் தேக்கா நிலையம். கீழே ஈரச்சந்தையும் உணவங்காடியும், மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும். பக்கத்திலேயே அடுக்குமாடி வீடுகள்.

மீன் பகுதியில் ஒரு சீனர். வயது எழுபதுக்குக் குறையாது. ரப்பர் பூட்ஸ், கழுத்தில் துண்டு. ஓரமாகப் பனிக்கட்டி மேல் கொடுவாய்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார். தங்கை ஒன்றைத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்தாள். அவர் தமிழில், "நேற்று மீன் இங்கே இல்லை அக்கா" என்றார். தலை தனியாக வேண்டுமா, துண்டு எத்தனை விரல் கனம் என்று கேட்டதும் தமிழில்தான். பக்கத்துக் கடை மலாய்ப் பெண்ணிடம் மலாய், எதிரே வந்த கிழவியிடம் ஹொக்கியன். மூன்றுக்கும் நடுவே கத்தி நிற்கவில்லை. பெரிய தலைகளைத் தனியாகத் தட்டில் வைத்திருந்தார். மீன்தலைக் கறிக்கு அவை போகும். அந்தக் கறியை இந்த ஊரில் ஒரு மலையாளி சமையல்காரர் தொடங்கிவைத்தார் என்பார்கள். இப்போது சீனர்கள்தான் அதிகம் சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது.

ஆட்டுக்கறிக் கடையில் நின்று பார்த்தேன். அவர் எடையைக் கேட்கவில்லை. "குழம்புக்கா, பிரட்டலுக்கா, சூப்புக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். குழம்பு என்றால் எலும்போடு பெரிய துண்டு. பிரட்டல் என்றால் தொடையிலிருந்து சின்னச் சின்னதாக, கொழுப்பில் கொஞ்சம் விட்டுவைத்து. நாங்கள் குழம்பு என்றதும் நெஞ்செலும்பை எடுத்துக் கட்டையில் வைத்து நான்கே வெட்டில் முடித்தார். பேரங்காடியில் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிவைத்த கறியிடம் யாரும் இதைச் சொல்ல முடியாது.

இந்தத் தேக்காவைப் பழைய தேக்கா என்று நினைத்துவிடக் கூடாது. 1915-இல் கட்டிய கண்டாங் கெர்பாவ் சந்தை சிராங்கூன் சாலைக்கு எதிர்ப்புறத்தில் இருந்தது. இந்தப் பகுதியில் மாட்டு வணிகம் நடந்த காலம் அது. எருமைத் தொழுவங்களும் அவற்றுக்குத் தண்ணீர் தந்த சதுப்பும் சுற்றிலும் இருந்தன, பஃபலோ ரோட்டில் அந்த வாசனை பெயரளவில் மிஞ்சியிருக்கிறது. 1982-இல் கடைக்காரர்களைச் சாலையைத் தாண்டி இந்தப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தேக்காவை மாண்டரின் உச்சரிப்பில் மாற்றிச் சூஜியாவ் நிலையம் என்று பலகை மாட்டினார்கள். மக்கள் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000-இல் பலகை தோற்றது, பெயர் தேக்கா நிலையம் ஆயிற்று.

எதிர்ப்புறம் என்ன ஆயிற்று என்பதுதான் வேடிக்கை. 2003-இல் தேக்கா மால் என்று குளிரூட்டிய கடைத்தொகுதி ஒன்று வந்தது. பிறகு வெர்ஜ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2017-இல் மூடினார்கள், இடித்தார்கள். 2020-இல் தேக்கா பிளேஸ் திறந்தது. இந்தப் பக்கம் நாற்பது வருடத்துக்கு மேலாக அதே ஈரத்தரையில் அதே கறிக்கட்டை. நடுவில் பழுதுபார்க்க மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தங்கை வீட்டுக்கு இரண்டு மாடி கீழே ஒரு பெரியவர் இருக்கிறார். பழைய சந்தையில் அவர் தகப்பனாருக்குக் காய்கறிக் கடை. பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்குப் போய் வளர்ந்தவர். அறுபது வருடக் கடையைப் போன வருடம்தான் கைமாற்றிவிட்டார். கைமாற்றியும் தினமும் காலையில் வந்துவிடுகிறார். உணவங்காடியில் அவரோடு உட்கார்ந்தோம். அவருக்குப் பாலில்லாத கோப்பி ஓ, எனக்குப் பால் கலந்த தேநீர், தங்கைக்கு வடை.

பழைய சந்தையைப் பற்றிச் சொல்லுங்கள் அண்ணே என்றேன். நான் எதிர்பார்த்தது வேறு. அவர் எலியிலிருந்து ஆரம்பித்தார். பூனையை விரட்டும் எலி. கூரை ஒழுகும், கழிவுநீர் தேங்கும், ரோச்சோர் கால்வாய் பெருகினால் கடைக்குள் முழங்கால் தண்ணீர். 1978 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் வெங்காய மூட்டைகள் மிதந்து போயினவாம். "கூடை பின்னும் கடை இருந்தது, மசாலா இடிக்கும் வாசம் வந்தது என்று எழுதுகிறீர்கள். எல்லாம் உண்மைதான் தம்பி. சாமான் வாங்க வந்தவர்களுக்கு அந்த வாசம். எங்களுக்குக் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண். தரை கழுவியவனைக் கேட்டு எழுதுங்கள்."

அப்படியென்றால் போனதில் வருத்தமே இல்லையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். வருத்தம் உண்டு, ஆனால் கட்டடத்துக்கு இல்லை என்றார். பழைய இடத்தில் அவர் கடைக்கு இடப்பக்கம் கோழிக்கார சீனர், வலப்பக்கம் தேங்காய் துருவும் மலாய்க்காரர். பல வருடப் பழக்கம். புது இடத்துக்கு வந்தபோது காய்கறி ஒரு பகுதி, கோழி ஒரு பகுதி என்று பிரித்து, குலுக்கல் போட்டுக் கடை கொடுத்தார்களாம். பக்கத்தில் யார் என்பதைச் சீட்டு முடிவு செய்தது. "கோழிக்காரர் தினமும் கடை அடைத்துவிட்டு என் கடைக்கு வந்து ஒரு சிகரெட் பிடித்துவிட்டுப் போவார். ஒரு வருடம் வந்தார். பிறகு தூரம் என்று விட்டுவிட்டார்." தூரம் என்றால் அதே கட்டடத்தில் அந்தக் கோடி.

வெள்ளி

இன்று செட்டித் தெரு. ராபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கினேன். மதிய வேளை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள் கோடிக்கணக்கான பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு சோற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் பெயர்ப்பலகை இருக்கிறது. அப்பச்சிக்கு வேண்டிய படத்தை எடுத்துவிட்டேன். பலகையைத் தவிர வேறு எதையும் ஐயா அடையாளம் கண்டிருக்கமாட்டார்.

கிட்டங்கி என்றால் இன்று சரக்கு அடைக்கும் இடம் என்றுதான் நினைப்பார்கள். இங்கே அது நகரத்தார் தொழில் நடத்திய கடைவீடு. முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம். இரண்டு பக்கமும் வரிசையாகப் பாய்; ஒவ்வொரு பாயிலும் ஒரு மரப்பெட்டி; ஒவ்வொரு பெட்டியும் ஒரு விலாசம், தனித் தொழில், தனிக் கணக்கு. அந்தச் சாய்வு மூடியைத் திறந்தால் உள்ளே பத்திரம், பேரேடு, சாவி. மூடினால் அதுவே எழுதும் மேசை. பகலில் அதன் முன் உட்கார்ந்து கடன் கொடுப்பார்கள், இரவில் அதன் பக்கத்திலேயே படுப்பார்கள். சமையல் பொது. பெண்கள் கிடையாது. மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊர் வந்து, பிள்ளை முகம் பார்த்து, மறுபடி கப்பல். ரப்பர் தோட்டம் வாங்கிய சீனருக்கும், கடை வைத்த மலாய்க்காரருக்கும், துணி வியாபாரம் செய்த தமிழ் முஸ்லிமுக்கும் வங்கி வாசல் திறக்காத காலத்தில் இந்தப் பெட்டிகள் திறந்தன. வட்டிக்காரர்கள் என்று திட்டியவர்களும் உண்டு. ஐயா அதை மறைத்ததில்லை. பத்திரம் எழுதிக் கொடுத்தவன் திட்டாமல் இருப்பானா என்று கேட்பார்.

இந்தக் கிட்டங்கிகளை 1970களின் இறுதியில் இடித்துவிட்டார்கள். இடித்ததற்கு முன் வேறு ஒரு கதை இருக்கிறது. 1947-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பழைய கட்டடங்களின் வாடகையை ஏற்ற வழியில்லை. வாடகை ஏறாத வீட்டுக்கு எந்த உரிமையாளர் சுண்ணாம்பு அடிப்பார்? நகர மையம் முழுவதும் தன்னால் இற்றுக்கொண்டிருந்தது. கோல்டன் ஷூ என்று இவர்கள் அழைக்கும் இந்த வட்டாரத்துக்கு மட்டும் 1970-இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். வானளாவிகளுக்கு அதுதான் கதவு. நிலம் கையகப்படுத்தும் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. சீனக்குடியிருப்பு, லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், படகுத்துறை எல்லாவற்றையும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவித்தது 1989-இல். செட்டித் தெரு பத்து வருடம் முந்திக்கொண்டு போய்விட்டது. ஒரே ஒரு கிட்டங்கியை விட்டுவைத்திருந்தால் இந்த ஊரின் வங்கித் தொழில் எதிலிருந்து தொடங்கியது என்று பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கலாம். இது என் புகார். பெரியவரின் எலியை நினைத்துக்கொண்டும் இந்தப் புகாரை நான் விடுவதாக இல்லை.

இதே தெருவில் 1984-இல் கோல்டன் ஷூ வாகன நிறுத்தக் கட்டடம் வந்தது. அதிலும் உணவுக்கடைகள் இருந்தன. 2017-இல் அதையும் மூடினார்கள். இப்போது அந்த இடத்தில் கேப்பிட்டாஸ்பிரிங் நிற்கிறது. 51 மாடி, 280 மீட்டர். சுவரைப் பிளந்துகொண்டு செடிகள் எட்டிப் பார்க்கும் கட்டடம். 2, 3ஆம் மாடிகளில் மார்க்கெட் ஸ்ட்ரீட் உணவங்காடி நிலையம். மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டு வரிசைக்குப் போகிறார்கள். அது இடம் பிடித்ததற்கு அத்தாட்சி. யாரும் அதைத் தொடுவதில்லை. கைநாட்டு வாங்கியும் கடன் திரும்பாத ஊரிலிருந்து வந்தவனுக்கு இது பெரிய அதிசயம்.

உச்சியில் பொதுமக்களுக்கான தோட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள். மேலே நின்றால் ஆறு தெரிகிறது, படகுத்துறையின் ஓட்டுக்கூரைகள் தெரிகின்றன. அந்த ஆற்றில் ஒரு காலத்தில் தோங்காங் என்ற சரக்குப் படகுகளை ஓட்டியவர்களில் நம் கடற்கரைக்காரர்கள் முன்னால் நின்றார்கள். 1983-இல் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். 1977-இல் லீ குவான் இயூ பத்து வருடத்தில் ஆறு சுத்தமாக வேண்டும் என்றார், 1987-இல் ஆகிவிட்டது. அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஆறு அழுக்காகவே இருந்திருக்கலாம் என்று எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை.

கீழே இறங்கி லாவ் பா சாட்டுக்கு நடந்தேன். தெலுக் ஆயர் சந்தை என்பது சட்டப் பெயர். எண்கோண வடிவம், நடுவில் மணிக்கூண்டு. 1894-இல் கிளாஸ்கோவில் வார்த்த இரும்புத் தூண்களைக் கப்பலில் கொண்டுவந்து பொருத்தினார்கள். 1973-இல் தேசிய நினைவுச்சின்னம் ஆக்கினார்கள். அதே வருடம் மீனும் காயும் வெளியேறி, உணவுக்கடைகள் உள்ளே வந்தன. 1986-இல் ரயில் சுரங்கத்துக்காகத் தூண் தூணாகக் கழற்றி, எண்ணிட்டு வைத்து, மறுபடி பூட்டி 1991-இல் திறந்தார்கள். இரும்பைக் கழற்றிப் பூட்டும் கைத்திறன் இவர்களிடம் இருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். தூண்களின் மேற்பகுதியில் வளைந்து ஓடும் இரும்புச் சரிகை அவ்வளவு அழகு. ஆனால் அது சந்தையா? மாலையில் பக்கத்துத் தெருவை மறித்துச் சாத்தே (குச்சியில் கோத்த இறைச்சி) சுடுகிறார்கள், புகை மணிக்கூண்டு வரை போகிறது, வெளிநாட்டார் படம் எடுக்கிறார்கள். காலையில் அங்கே ஒரு கட்டு கீரை வாங்க முடியாது.

தேக்காவில் கட்டடம் போயிற்று, வியாபாரம் நிலைத்தது. இங்கே வியாபாரம் போயிற்று, கட்டடம் நிலைத்தது. செட்டித் தெருவில் இரண்டும் போயின. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் கறிக்கட்டையைக் கேட்பேன், மணிக்கூண்டை அல்ல.

ஒரு சின்ன ஆறுதல். ராபிள்ஸ் பிளேஸ் பக்கம் நாணயமாற்றுக் கடைகளில் நம் தமிழ் முஸ்லிம்கள் பலர் இருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆள் உட்காருமளவு இடம், கையில் கணக்குப் பொறி, எதிரே நோட்டுக் கட்டு. ஒருவரிடம் ஊர்ப்பேச்சுக் கொடுத்தேன். தொண்டி என்றார். அந்தச் சின்ன இடத்தில் அவர் கால் மடித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் என்னை அவசரப்படுத்தாமல் அடுத்த ஆளுக்கு ரூபாய் எண்ணினார்.

சாயங்காலம் டாங் ரோடு தெண்டாயுதபாணி கோயில். நகரத்தார் 1859-இல் எழுப்பியது. இப்போதுள்ள கட்டடம் 1983-இல் புதுப்பித்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் இங்கிருந்துதான் கியோங் சைக் சாலை விநாயகர் கோயிலுக்குப் போகும். கிட்டங்கிகளின் மகமை எல்லாம் இந்த முருகனுக்குத்தான் போயிற்று. முதலாளிகள் போய்விட்டார்கள், முருகன் இருக்கிறார்.

சனி

மழை. சுங்கை ரோட்டுக்குப் பகல் நேரத்தில் போனேன், பார்க்க ஒன்றும் இல்லை. பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரிந்துதான் போனேன்.

1930களில் தொடங்கிய பழஞ்சாமான் சந்தை. திருட்டுச் சந்தை என்று பெயர் வாங்கியது. யுத்தத்துக்குப் பிறகு வெள்ளைக்காரப் படைகளின் சாமான்கள் குவிந்தன. கடை என்றால் தரையில் விரித்த கித்தான். வாடகை கிடையாது. நின்றுபோன கடிகாரம், ஒற்றைச் செருப்பு, பழைய நாணயம், யாரோ ஒருவரின் கல்யாணப் படம், ரிமோட் இல்லாத தொலைக்காட்சி. கட்டுமான வேலைக்கு வந்த நம் ஊர்ப் பையன்கள் முதல் கைப்பேசியை இங்கேதான் வாங்குவார்களாம். மாப்பிள்ளையும் சிங்கப்பூருக்கு வந்த புதிதில் இங்கே ஒரு மேசை விசிறி வாங்கினார். அது இன்னும் அவர்கள் வீட்டில் ஓடுகிறது. சத்தம் மட்டும் விமானம் போல.

ஜாலான் புசார் ரயில் நிலையம் கட்டுவதற்காக 2011-இல் சந்தையைப் பாதியாகக் குறுக்கினார்கள். 2017 ஜூலை 10-ஆம் தேதி மிச்சத்தையும் முடித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நிலையம் திறந்தது. குடை பிடித்துக்கொண்டு அந்தத் தெருக்களைச் சுற்றி வந்தேன். ரயில் நன்றாகத்தான் இருக்கிறது. இதில்தான் நானே வந்து இறங்கினேன்.

பக்கத்தில் ரோச்சோர் சென்டர். 1977-இல் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள், நான்கு நிறத்தில் நான்கு கட்டடம், 567 வீடுகள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைக்காகக் காலிசெய்து இடித்துவிட்டார்கள். பழைய படங்களில் அந்த நீலமும் ஆரஞ்சும் கண்ணைப் பறிக்கும். தங்கை மட்டும் அந்தக் கட்டடத்தை நினைத்து உச்சுக்கொட்டினாள். கீழ்த்தளத்தில் பூஜைச் சாமான் கடைகள் இருந்தனவாம், தமிழ்ப் பெண்களும் போய் ஊதுவத்தி வாங்குவார்களாம்.

இந்த ஊரில் சாலையோர வியாபாரிகளைக் கணக்கெடுத்தது 1968, 69-இல். சுமார் 18,000 பேர். 1971 தொடங்கி 1986-க்குள் எல்லாரையும் தண்ணீரும் சாக்கடையும் உள்ள நிலையங்களுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். காலராவும் டைபாய்டும் அடங்கியதில் அதற்குப் பங்கு உண்டு. 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் உணவங்காடிப் பண்பாடு ஏறியது. சோறு விற்றவர்களுக்குக் கூரை கிடைத்தது. ஒற்றைச் செருப்பு விற்ற கிழவருக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்குப் போகவேண்டாம், நெரிசல் என்று மாப்பிள்ளை சொன்னார். நெரிசலைப் பார்க்கத்தான் போனேன்.

காலையில் கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையம். 2015-இல் திறந்தது. உள்ளே செட்டிநாட்டு வாசல் நிலை ஒன்று நிற்கிறது. ஆளுயரத்துக்கு மேல் தேக்கு, அங்குலம் விடாமல் செதுக்கல். பக்கத்தில் ஒரு குடும்பம் நின்று, இது அரண்மனைக் கதவா என்று பேசிக்கொண்டது. எங்கள் ஊரில் இப்படிப்பட்ட நிலைகளைக் கழற்றிக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்கிறார்கள். முன்னிரவில் லாரி வந்து நிற்கும், பங்காளிகள் நாலு பேர் கையெழுத்துப் போடுவார்கள், மறுநாள் வீட்டுக்கு வாசல் இராது. சிங்கப்பூர்க்காரர்கள் இடித்தார்கள் என்று வெள்ளிக்கிழமை எழுதினேன். நாங்கள் விற்றோம் என்பதையும் சேர்த்து எழுதிவிடுவதுதான் நியாயம்.

மாலையில் கூட்டம். புதுக்கோட்டை, சிவகங்கை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, எல்லா ஊர்ப்பேச்சும் காதில் விழுகிறது. இவர்களோடு வங்காளிகள். வாரம் ஆறு நாள் கப்பல்பட்டறையிலும் கட்டுமானத்திலும் கிடந்தவர்கள் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். பணம் அனுப்பும் கடை முன் வரிசை, சோற்றுக்கடை முன் வரிசை, சிம் அட்டைக்கு வரிசை. 2013 டிசம்பர் 8-ஆம் தேதி ஒரு விபத்தில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் இறந்து, கலவரமாகி, அதன்பின் இங்கே மது விற்பனைக்கும் குடிப்பதற்கும் கட்டுப்பாடு கடுமையாயிற்று. ஆனால் கூட்டம் குறையவில்லை.

தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "எந்த ஊருண்ணே?" காரைக்குடி என்றதும் உறவுக்காரர் ஆகிவிட்டார். தேக்கா மாடியில் ஒரு தையல்காரரிடம் சட்டை கொடுத்திருந்தார். ஊருக்குப் போகும்போது போட. ஏழு வருடமாக அதே தையல்காரராம். கையை மடிக்கும் அளவு அவருக்குத் தெரியும் என்றார். நான் பழைய தேக்கா, 1982 என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "இதுதானே அண்ணே பழைய தேக்கா?" என்று அந்தக் கட்டடத்தைக் காட்டினார். எதிரே புதிதாக நிற்கும் தேக்கா பிளேஸைப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி.

சில வருட ஒப்பந்தம், பொது அறை, பொதுச் சமையல், பெண்கள் கிடையாது, மாதாமாதம் ஊருக்குப் பணம். ஐயாவின் கிட்டங்கி வாழ்க்கையில் பெட்டியை மட்டும் எடுத்துவிட்டால் இந்தத் தம்பியின் விடுதிதான். பெட்டிதான் பெரிய வித்தியாசம், அதையும் சொல்ல வேண்டும். ஐயா கடன் கொடுக்க வந்தார். தம்பி ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கிவிட்டு வந்திருக்கிறார்.

திங்கள்

காலையில் பெரியவரோடு மறுபடி தேக்கா. தன் பழைய கடையைக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போனார். இப்போது நடத்துபவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். பெரியவரின் பிள்ளைகள் இருவரும் அலுவலக வேலையில் இருக்கிறார்கள். விடியுமுன் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கெடுக்க அவர்களை அழைக்க எனக்கே மனம் வரவில்லை என்றார். பேசிக்கொண்டே கை நீட்டி, முன்வரிசையில் இருந்த கத்தரிக்காயில் ஒன்றைத் திருப்பிவைத்தார். காம்பு வாடியது உள்பக்கமாகப் போயிற்று. கடைக்காரர் கண்டும் காணாததுபோல் இருந்தார். நாங்கள் நகர்ந்ததும் அந்தக் கத்தரிக்காயைத் தூக்கிக் கீழே கழிவுக் கூடையில் போட்டார். பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். "பணக்காரன்," என்றார்.

சீன மூதாட்டி ஒருத்தி கறிவேப்பிலையும் புளியும் வாங்கிக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலைக்குக் காசு கேட்டதும் சண்டைக்கு வந்தாள். முன்னே இருந்தவர் சும்மா கொடுப்பார் என்பது அவள் வாதம். முன்னே இருந்தவர் என் பக்கத்தில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் அப்பச்சியோடு பேசினேன். பெயர்ப்பலகைப் படம் போய்ச் சேர்ந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாராம்.

"இப்போது அந்தத் தெருவில் என்ன நடக்கிறது?"

"வங்கிகள், அப்பச்சி. முதலீட்டுக் கம்பெனிகள். எல்லாம் உயரக் கட்டடம்."

"அப்படியென்றால் அதே தொழில்தான். வட்டி என்ன வாங்குகிறார்கள்?"

மாப்பிள்ளை வீட்டுக்கடன் கட்டுகிறவர். அவரைக் கேட்டுச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் கணக்குப் போடும் முணுமுணுப்பு. பிறகு, இந்த வட்டிக்கு ஐயா பெட்டியைத் திறந்திருக்கவே மாட்டார் என்றார்.